வியாபார வட்டாரத்துக் கடல்

12-3-1956, திங்கள்

இன்றைய பிழை: கடலுக்கு நீலம் பூசிவிட்டேன்.

மாலை வகுப்பில் எங்களுக்குப் படம் வரையக் கற்றுத் தருகிறவர், அன்றன்று செய்த பிழையை முதல் வரியிலும் மறுநாள் வேலையைக் கடைசி வரியிலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. நான் நடந்ததை எழுதுகிறேன். அது சரிதானா என்று தெரியவில்லை.

பனங்கரைப்பட்டு என் ஊர். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஊர் எப்படி வளர வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு ஸ்பெஷல் ஆபீஸ் ஏற்பட்டிருக்கிறது. ஆபீஸ் செங்கல்பட்டில், ஏரி தெரிகிற ஒரு மாடியில். ஊரிலேயே வைத்திருக்கலாமே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். ஊருக்குள் இருந்துகொண்டு ஊரைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று ஸ்பெஷல் ஆபீசர் கோதண்டராமன் விளக்கினார். பாரபட்சத்துக்கு அஞ்சி அவர் இதுவரை ஒருமுறைகூடப் பனங்கரைப்பட்டுக்குப் போனதில்லை.

ஊரை வட்டாரங்களாகப் பிரிப்பதுதான் திட்டம். படத்தில் மஞ்சள் பூசிய இடம் குடியிருப்பு வட்டாரம். அங்கே குடியிருக்கலாம், வேறொன்றும் செய்யக் கூடாது. நீலம் வியாபார வட்டாரம், ஊதா தொழில் வட்டாரம், பச்சை விவசாயம். இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. மில் புகை தொட்டிலில் விழாது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சினிமாக் கொட்டகை வராது. வகுப்பில் இதைப் பற்றிச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தூரிகையால் இவ்வளவு நல்லது செய்ய முடியுமா என்று இருந்தது.

படத்தில் கிழக்குப் பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. அங்கே கடல் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பட்டாபி டிபனுக்குப் போயிருந்தான். கிண்ணத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. கை தானாகப் படத்துக்குப் போய்விட்டது. காய்ந்த பிறகுதான் நீலம் என்றால் வியாபாரம் என்பது நினைவுக்கு வந்தது.

பட்டாபி எனக்கு மேலே உள்ள டிராப்ட்ஸ்மேன். நாங்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே மாலை வகுப்புக்குப் போகிறோம். அவனைப் போல வண்ணம் பூச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. கோட்டுக்குள் நான்கு பக்கமும் ஒரு மயிரிழை வெள்ளை விட்டுப் பூசுவான். பக்கத்து வண்ணம் ஈரமாக இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. எனக்கு அது வரவே இல்லை. என் வண்ணம் எப்போதும் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய்விடும். கடலைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். "யாருக்குடா தெரியப்போறது, விடு" என்றான். என்னால் விட முடியவில்லை.

நாளைய வேலை: ஆபீசரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.

13-3-1956, செவ்வாய்

இன்றைய பிழை: ஒப்புக்கொள்வதில் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆபீசர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வண்ண விளக்கப் பட்டியலை எடுத்து வரச் சொன்னார். அதில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"மிஸ்டர் ஜானகிராமன், ஜலத்துக்கு என்ன வர்ணம் என்று இதில் இருக்கிறதா?"

"இல்லை சார்."

"குறிப்பிடப்படாத ஒன்றை ஒருவர் தப்பாகப் பூச முடியுமா?"

"முடியாது சார். ஆனால் கடல் வியாபார வட்டாரம் ஆகிவிடுகிறதே."

"அங்கே மீன் பிடிக்கிறார்களா?"

"பிடிக்கிறார்கள் சார்."

"பிடித்ததை விற்கிறார்களா, அழகு பார்க்கிறார்களா?"

விற்கிறார்கள் என்றேன். பின்னே என்ன என்று கேட்டார். எனக்கும் பின்னே என்ன என்று தெரியவில்லை. இந்த ஆபீசில் பிழை என்று ஒன்று நடப்பதில்லை, நடப்பதெல்லாம் முடிவுகள்தான் என்று அவர் அமைதியாக எடுத்துச் சொன்னார். ஆனாலும் பிழைக்கு ஒரு விளக்கம் எழுத்தில் தேவை என்றார். இல்லாத பிழைக்கு எப்படி விளக்கம் எழுதுவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவருக்குக் காபி வந்துவிட்டது.

விளக்கத்தைப் பட்டாபிதான் சொல்லிச் சொல்லி எழுத வைத்தான். 'கடல்' என்று எழுதப் போனேன். தடுத்துவிட்டான். கடல் என்று போட்டால் பைல் மதராசுக்குப் போகும், அங்கே இருப்பவர்கள் கடலை நேரிலே பார்க்கக் கிளம்பி வருவார்கள், ஆபீசருக்குத்தான் தலைவலி என்றான். ஆகவே பொதுவாக எழுதினோம்: 'மேற்படி படத்தில் வண்ணம் சம்பந்தமாக ஏற்படும் எல்லா மாறுதல்களுக்கும் நானே பொறுப்பு.' கையெழுத்துப் போட்டேன். என் நன்மைக்காக அவன் மெனக்கெட்டதை நினைத்து மாலை அவனுக்கு ரவாதோசை வாங்கிக் கொடுத்தேன்.

நாளைய வேலை: கால்வாய் ஓரத்து உப்பளங்களுக்கு ஊதா பூச வேண்டும்.

17-3-1956, சனி

இன்றைய பிழை: பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன்.

பட்டாபியும் என்னோடு ஊருக்கு வந்தான். கடற்கரைக்கு ஒரு நாள் வர வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊரில் அக்கா மட்டும்தான் இருக்கிறாள். அத்தான் காலமான பிறகு சம்பூர்ணம் அக்கா தன் தையல் மெஷினோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மீனவக் குப்பத்துக் குழந்தைகளுக்குச் சட்டையும் பாவாடையும் தைத்துத் தருகிறாள். வீடு சவுக்குத்தோப்புத் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அப்பா பல இடத்தில் தோண்டித் தோண்டி மூடியவர். கடைசியில் ஒரு இடத்தில் நல்ல தண்ணீர் வந்ததும், கிணற்றை விட்டு நகர மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே வீட்டைக் கட்டிவிட்டார். தெரு முழுக்க எங்கள் கிணற்றில்தான் குடிக்கிறது.

போய்ப் பார்த்தால் தையல் மெஷின் கொல்லையில் வேப்பமரத்தடியில் இருந்தது. அதன் மேல் ஒரு கோணி. மண்டல இன்ஸ்பெக்டர் என்று ஒருவரைப் புதிதாக நியமித்திருக்கிறார்கள். அவர் வந்து, குடியிருப்பு வட்டாரத்தில் மெஷின் வைத்திருப்பது தொழில் செய்வதாகும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"கூரைக்குக் கீழ இருந்தா தொழிலு, மரத்துக்குக் கீழ இருந்தா இல்லியாம்" என்றாள் அக்கா. "மழை பேஞ்சா இன்னா பண்றதுன்னேன். மழைக்கு எங்க டிபார்ட்மெண்டு பொறுப்பில்லன்றான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த விதிக்கு நகல் எடுத்தவன் நான்தான். திட்டம் முழுசாக அமலுக்கு வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன். பட்டாபியும் ஆமாம் என்றான்.

அவன் தண்ணீர் கேட்டான். அக்கா கிணற்றிலிருந்து அப்போதுதான் இழுத்த தண்ணீரைச் செம்பில் கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டான். "இளநீர் மாதிரி இருக்கு அக்கா. கடலுக்கு இவ்வளவு கிட்டத்திலே எப்படி?" என்றான். கிணற்றை எட்டிப் பார்த்தான். கோடையில் எவ்வளவு இறங்கும், வற்றியதுண்டா என்றெல்லாம் கேட்டான். அக்காவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் கிணற்றைப் பற்றி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை என்று என்னைக் குத்திக் காட்டினாள். அவனுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பட்டாபி அவளை அக்கா அக்கா என்றே கூப்பிட்டான்.

நாளைய வேலை: பஸ் கண்டக்டரிடம் குடையைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

7-4-1956, சனி

இன்றைய பிழை: எது என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை ஆபீசர் படத்தில் கையெழுத்திட்டார். அன்றே அதைச் சுருட்டி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். மதராசில் படத்தைப் பார்த்துத்தான் கெஜட்டில் போடுவார்கள் என்றாலும், அதற்குள் ஜனங்கள் பழகிக்கொள்ளட்டும் என்று விதிகள் உடனே அமலுக்கு வந்தன.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடற்கரையில் கூட்டம் தெரிந்தது. மண்டல இன்ஸ்பெக்டர் தண்ணீர் தொடும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அலை வரும்போதெல்லாம் ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அலை போனதும் முன்னால் தள்ளிக்கொண்டார். வட்டாரத்தின் எல்லையில்தான் உட்கார வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. கட்டுமரத்தைத் தள்ள வந்த துரையிடம் வியாபார லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

துரை குப்பத்துக்குப் பெரிய மனுஷன். எதற்கும் கோபப்படமாட்டான். "இன்னா சார், கடலு கடைத்தெருவா ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

ஆகிவிட்டது, படத்தில் இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப மீனுங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது? அதுங்க தினம் வந்துகினு போயிகினு கீதே."

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். கடை என்றால் முகப்பில் பெயர்ப்பலகை வேண்டும், அதனால் ஒவ்வொரு கட்டுமரத்திலும் பலகை மாட்ட வேண்டும் என்று சொன்னார். நான் கூட்டத்துக்குப் பின்னாலேயே நகர்ந்து வீட்டுப் பக்கம் போய்விட்டேன். அது என் நீலம்.

வீட்டில் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு நோட்டீஸ் இருந்தது. சவுக்குத்தோப்புத் தெரு முழுவதும் குடியிருப்பு வட்டாரம்தான். எங்கள் வீடு மட்டும் தொழில் வட்டாரம். மாதக் கடைசிக்குள் அங்கே குடியிருப்பதை நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து கொல்லையைப் பார்த்துவிட்டு, மெஷினைத் தாராளமாகக் கூரைக்குக் கீழே கொண்டுவரலாம் என்றாராம். "மெஷின் இருக்கலாம். நீங்கதான் இருக்கக்கூடாது" என்றாராம்.

தெரு முழுக்க மஞ்சள் பூசியது நான். எங்கள் வீட்டுக்கு மஞ்சள் பூசிய நினைவு இருக்கிறது. ஆனால் அந்த வாரம் உப்பளங்களுக்கு ஊதா பூசியதும் நான்தான். தூரிகையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கிழக்கிலிருந்து மேற்கே கொண்டு போனேன். நடுவில் ஒரு துளி விழுந்திருக்கலாம். விழுந்ததை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் பார்க்காமல் விடுகிற ஆள்தான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. நோட்டீஸை மடித்துக்கொண்டே, "நீதானே பூசினே? நம்ம வூடு எதுன்னு உனுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைய வேலை: ஞாயிறு. திங்கட்கிழமை ஆபீசரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

9-4-1956, திங்கள்

இன்றைய பிழை: ஆபீசர் உட்காரச் சொல்லும் முன் உட்கார்ந்துவிட்டேன்.

துளி விழுந்திருக்கலாம் என்று சொன்னேன். பீரோவைத் திறந்து படத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேட்டேன். கையெழுத்தான படத்தைத் திறந்து பார்ப்பது அந்தக் கையெழுத்தைச் சந்தேகிப்பதாகும் என்றார். பிறகு என்னுடைய விளக்கக் கடிதத்தை எடுத்து என் முன்னாலேயே வாசித்தார். அது கடலுக்காக எழுதியது என்றேன்.

"இதில் கடல் என்று எங்கே இருக்கிறது? எல்லா மாறுதல்களுக்கும் நானே பொறுப்பு என்று இருக்கிறது. நல்ல வாக்கியம். நான் அதைப் பாராட்டுகிறேன். பொறுப்பு உம்முடையது, படம் என்னுடையது. இதில் ஏதாவது குழப்பம் உண்டா?"

இல்லை என்றேன். இரவு பட்டாபியிடம் சொன்னேன். அவன் ரொம்ப வருத்தப்பட்டான். துளி விழுவது சகஜம்தான், யாருக்கும் விழும் என்று ஆறுதல் சொன்னான். உன் கை கொஞ்சம் நடுங்குகிறது, கண்ணைக் காட்டிக்கொள் என்றும் சொன்னான்.

நாளைய வேலை: ஆஸ்பத்திரியில் கண் காட்ட வேண்டும்.

14-4-1956, சனி

இன்றைய பிழை: தொழிற்சாலையில் தொழிலாளி அல்லாதவன் சாப்பிட உட்கார்ந்தது.

வருஷப் பிறப்புக்கு வந்தவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். அக்கா சும்மா இருக்கவில்லை. குடியிருக்கக் கூடாது, தொழில் செய்யலாம் என்றால் தொழிலே செய்கிறேன் என்று வாசலில் 'சம்பூர்ணம் தையல் தொழிற்சாலை' என்று பலகை மாட்டிவிட்டாள். ராத்திரி இங்கே யார் தங்குகிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். காவலாளி என்றிருக்கிறாள். காவலாளி யார் என்றிருக்கிறார். நான்தான் என்றிருக்கிறாள். விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காவலாளி தங்கலாம், ஆனால் தூங்கக் கூடாது, தூங்கினால் அது குடியிருப்பு என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் விடியற்காலையில் வந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். பாயைச் சுருட்டி வைத்திருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்கிறார். அக்காவின் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது.

அடுப்பு இருக்கக் கூடாது. ஆனால் தொழிலாளர் உணவு விடுதி இருக்கலாம். அடுப்புக்கு மேலே சுவரில் அக்கா கரியால் 'உணவு விடுதி' என்று எழுதியிருக்கிறாள். அதில் தொழிலாளர் மட்டும்தான் சாப்பிடலாம். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றிருந்ததால், சாப்பிடும் முன் நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அதைக் கோணலாகத் தைத்துவிட்டேன். அக்கா பிரித்துத் திரும்பத் தைத்தாள். மல்லிகைக் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். அது விவசாயம்.

மத்தியானம் பஞ்சாயத்து போர்டு சேர்மனின் மச்சினன் இரண்டு ஆட்களோடு வந்தார். கிணற்றில் கல்லைக் கட்டிக் கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். அவர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, மறுபடி குடித்தார். மீனுக்கு ஐஸ் போட ஊரில் பாக்டரி வரப்போகிறது, அதற்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும், தொழில் வட்டாரத்தில் இருப்பதே இந்த ஒரு கிணறுதான், அதனால் வேறு வழியில்லை என்று எங்களிடம் மரியாதையாகவே சொன்னார்.

"இளநீர் மாதிரி கீதுன்றான்" என்றாள் அக்கா, அவர்கள் போன பிறகு. "உன் சிநேகிதன் சொன்ன மாதிரியே."

நல்ல தண்ணீரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

"கிணத்த வுட்டுப் போறதுன்னா, அப்பன வுட்டுப் போற மாதிரிடா" என்றாள். 

நாளைய வேலை: அக்காவின் பெயரில் ஒரு மனு எழுத வேண்டும். புதன்கிழமை ஆட்சேபங்கள் கேட்கும் நாள்.

18-4-1956, புதன்

இன்றைய பிழை: மனுவில் 'கருணை' என்று எழுதினேன். அப்படி ஒரு தலைப்பு இல்லையாம்.

பனங்கரைப்பட்டிலிருந்து ஒரு லாரி நிறைய மீனவர்கள் வந்தார்கள். அந்த லாரியிலேயே அக்காவும் வந்தாள். ஆபீசர் முதலில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்பது ஆபீசின் கடமை என்றார். கேட்டு முடித்ததும் அந்தக் கடமை பூரணமாக நிறைவேறிவிடுகிறது என்றும் சொன்னார். நகரம் என்பது வீடுகளால் ஆனதல்ல, வண்ணங்களால் ஆனது, வீடுகள் வண்ணங்களுக்குத் தக்கபடி மெல்ல மெல்லத் தங்களைத் திருத்திக்கொள்ளும் என்றார். சேர்மன் கைதட்டினார்.

துரை எழுந்தான். மீனவர்கள் தகராறு செய்வார்கள் என்று போலீஸ்கூட வரவழைத்திருந்தார்கள். துரை தகராறு செய்யவில்லை.

"சார், கடலு கடைத்தெருன்னு சொல்லிட்டீங்க. ஒத்துக்கினோம். லைசென்சும் எடுத்துக்கிறோம். ஆனா கடைத்தெருன்னா லைட்டுக் கம்பம், ரோடு, கால்வா, கக்கூஸு எல்லாம் போர்டுதான் போடணும்னு உங்க விதியிலயே கீதாமே. வக்கீல் படிச்சிச் சொன்னாரு. நாங்க ராத்திரிலதான் வலை வுடறது. ஒரே இருட்டு. கம்பம் எங்க நடப் போறீங்கன்னு சொன்னா, நாங்களே கூட இருந்து குழி தோண்டிக் குடுப்போம்."

ஆபீசர் விதியை வாங்கிப் படித்தார். போர்டு எஞ்சினீயரைப் பார்த்தார். எஞ்சினீயர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். கடலில் எவ்வளவு தூரம் வரை கம்பம் நட வேண்டியிருக்கும் என்று ஆபீசர் கேட்டார். படத்தில் காகிதம் முடிகிற வரை நீலம் இருப்பதாக எஞ்சினீயர் சொன்னார்.

சற்று நேரம் கழித்து, கடலுக்கு நீலம் பூசியது ஒரு பிழை என்று ஆபீசர் அறிவித்தார். இந்த ஆபீசின் சரித்திரத்தில் இது முதல் பிழை என்றும், ஒப்புக்கொள்ளும் தைரியம் தங்களுக்கு இருப்பதில் பெருமை என்றும் சொன்னார். என் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசித்து என்னைக் கைகாட்டினார். துரை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு அக்கா எழுந்தாள். ஒரு பிழை இருந்தால் இன்னொன்றும் இருக்கும், தன் வீடும் அந்தக் கையால் வந்த பிழைதானே, அதையும் திருத்துங்கள் என்று கேட்டாள்.

"அம்மா," என்றார் ஆபீசர். அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "ஒரு திட்டத்தில் ஒரு பிழைதான் இருக்க முடியும். இரண்டு இருந்தால் அதற்குத் திட்டம் என்று பெயரில்லை. அந்த ஒன்று கடலுக்குச் செலவாகிவிட்டது. உங்கள் தம்பியின் கை அப்படி. அதற்கு ஆபீஸ் என்ன செய்யும்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. லாரியில் ஏறும்போதும் திரும்பவில்லை. பட்டாபி ஓடிப்போய் அவள் ஏற ஸ்டூல் போட்டான்.

நாளைய வேலை: படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துத் தருவதாக ஆபீசர் சொல்லியிருக்கிறார். கடலைத் திருத்த வேண்டும்.

19-4-1956, வியாழன்

இன்றைய பிழை: இந்த வரியை நிரப்ப இன்று என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் தடவையாக.

படத்தை மாலையில்தான் கொடுத்தார். கடலை மட்டும் தொட வேண்டும், நாளை மதியம் சீல் வைத்து மதராசுக்கு அனுப்புகிறேன், அதற்கு மேல் யாரும் தொட முடியாது என்றார். மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் மைக்கூடு வைத்தேன். கடலைப் பார்ப்பதற்கு முன் எங்கள் வீட்டைத் தேடினேன். துளி எவ்வளவு பெரியது என்று பார்க்க நினைத்தேன்.

துளி இல்லை. துளி வட்டமாக இருக்கும், ஓரத்தில் கறுத்திருக்கும். இது சதுரம். மஞ்சளை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்த தடம் தெரிந்தது. அதற்கு மேல் ஒரே சீரான ஊதா. வாசல், கூடம், கொல்லை, கிணறு எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. கோட்டுக்குள் நான்கு பக்கமும் ஒரு மயிரிழை வெள்ளை.

என் தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன், வெளிச்சத்தில் வேறு மாதிரி தெரியுமோ என்று. தெரியவில்லை.

இரண்டு வாரமாக என் கையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் காட்டினேன். கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னபோது, டாக்டரையும் சந்தேகப்பட்டேன்.

அறைக்குப் போனேன். பட்டாபி காகிதம் விரித்து வேலை செய்துகொண்டிருந்தான். ஐஸ் பாக்டரிக்கான பிளான். வெளி வேலையாக எடுத்திருக்கிறான். நடுவில் கிணற்றைக் குறித்திருந்தான். என்னைப் பார்த்து அதை மூடவுமில்லை.

"நீதான் பூசினாயா?" என்று கேட்டேன்.

"பூசச் சொன்னா பூசறதுதானேடா நம்ம உத்தியோகம்" என்றான். பென்சிலைச் சீவிக்கொண்டே பேசினான். "ஆபீசர் உன்னையே பூசச் சொல்லலாம்னுதான் இருந்தார். நான்தான் வேண்டாம்னேன். நீ பூசியிருந்தா கோட்டைத் தாண்டிப் போயிருக்கும், எதிர் வீடும் சேர்ந்து போயிருக்கும். நான் பூசினதாலே ஒரு வீட்டோட நின்னுது. அதை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அவன் சொல்வது சரிதான். அதுதான் தாங்க முடியவில்லை.

கடிதம் எழுதச் சொன்னது அதற்காகத்தானா என்று கேட்டேன். அப்போது அப்படி நினைக்கவில்லை, பிறகு உபயோகப்பட்டது என்றான். கிணற்றைப் பற்றிச் சேர்மனிடம் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. பாக்டரி வந்ததும் அக்காவுக்கு அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை வாங்கித் தருகிறேன் என்று அவனாகவே சொன்னான். விளக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்ளும் முன் இன்னொன்றும் சொன்னான்.

"அக்காகிட்ட சொல்லிடாதே. அந்தத் தோசையும் தண்ணியும் எனக்கு மறக்காது."

ஆபீசுக்கே திரும்பி வந்துவிட்டேன். காவல்காரர் கண்டுகொள்ளவில்லை. படம் மேஜையில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் நினைப்பது சரியா தப்பா என்று தெரியவில்லை. படத்தில் இருப்பதுதான் முடிவு என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். கையெழுத்தான படத்தைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம் இல்லை.

நாளைய வேலை: வாடகைக்கு வேறு அறை பார்க்க வேண்டும். கடை திறந்ததும் புது பிளேடு ஒன்று வாங்க வேண்டும். ஆபீசர் வருவதற்குள் ஈரப் பஞ்சாலும் பிளேடாலும் கடலை வெள்ளையாக்க வேண்டும். பிறகு அதே பிளேடால் எங்கள் வீட்டு ஊதாவைச் சுரண்ட வேண்டும். மஞ்சள் கரைத்துப் பூச வேண்டும். கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும், யார் பூசியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். விளக்கக் கடிதம் புதிதாக எழுத வேண்டியதில்லை.